இல்லாத ஒருத்தி

நான் கோபக்காரி. தலத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் இல்லாத ஒருத்தி மேல் கொட்டித் தீர்த்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரருக்கு விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. கோட்டுச்சேரிமேட்டில் பாதி நாள், உதிரி சாமான் வாங்க நாகப்பட்டினத்தில் பாதி நாள். நாற்பத்தைந்து வயது தாண்டியதும், புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிக் கூடத்தில் படுக்க ஆரம்பித்தார். மார்கழிக் குளிரிலும் உள்ளே வரவில்லை. ராத்திரியில் அடிக்கடி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். போன் பேசத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆள் இளைத்தார், யாரைக் கவிழ்க்க இந்த மினுக்கு என்று பொருமினேன்.

ஒருநாள் ஸ்பேனர் தேடி அவர் பையைத் திறந்தால், அடியில் ஒரு லேகிய டப்பா. மேலே குதிரைப் படம். ஆண்மைக் குறைவா என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் விற்கிற சரக்கு. என் பக்கமே வராத மனுஷனுக்கு இது எதற்கு, யாருக்காக? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

குரும்பகரத்திலிருந்து என் அண்ணன்கள் இரண்டு பேரையும் வரவழைத்தேன். அவர்கள் அவரைப் மாதா கோயில் பங்குச் சாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"நேரா சொல்லுங்க மாப்ள. வேற பொம்பள சகவாசம் இருக்கா இல்லையா?" என்று பெரியண்ணன் கேட்டார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "இருந்துச்சு. நாகப்பட்டினத்துல. விட்டுடறேன்" என்றார்.

நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சாமியார் அவருக்குப் புத்தி சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். செய்துவிட்டு வந்து, முழங்காலில் நின்று செபமாலை சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் நாய்க்கு வைப்பதுபோல்தான் அவருக்குச் சோறு வைத்தேன். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

அப்புறம் படகில் ஆணி குத்தி, கால் கட்டைவிரல் ஆறாமல் கறுத்தது. நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தாகம், ராத்திரி ஒன்றுக்குப் போவது, உடம்பு இளைத்தது என்று டாக்டர் ஒவ்வொன்றாய்க் கேட்டுவிட்டு, அதே குரலில், "தாம்பத்தியத்துல ஏதும் சிரமம் இருக்கா?" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. "முடியலைங்க சார். மூணு நாலு வருஷமாவே."

டாக்டர் இருப்பதையும் மறந்து, "அப்ப அவகிட்ட மட்டும்?" என்று கேட்டேன்.

"எவளும் இல்ல" என்றார்.

டாக்டர் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும்போது சிலருக்கு இதுதான் முதலில் தெரியுமாம். அப்போதே வந்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாமாம். "நிறைய பேரு இதுக்கு வர்றாங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல. லேகியத்த நிறுத்துங்க. மொதல்ல சர்க்கரைய அடக்குவோம், இதயத்தையும் பார்த்துட்டு மாத்திரை தரலாமான்னு பார்ப்போம்" என்றார். கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "செய்யாத தப்ப ஏங்க ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அதுன்னா திட்டிட்டு விட்டுடுவாங்க. இதுன்னா சிரிப்பாங்க" என்றார். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, "உன் அண்ணனுங்ககிட்ட சொல்லிடாத" என்றார்.

சொல்லவில்லை. இப்போது மாதாமாதம் நானும் கூடவே டாக்டரிடம் போகிறேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. மற்றது முழுசாகச் சரியாகும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் இப்போது உள்ளே வந்துதான் படுக்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன்கள் சாப்பிட வந்தார்கள். என் வீட்டுக்காரர் விந்தி விந்தி நடப்பதைப் பார்த்துப் பெரியண்ணன், "நாகப்பட்டினத்துக்கு ஓடுன காலு. ஆண்டவர் பார்த்து வெரல எடுத்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். சின்னண்ணனும் சிரித்தார். எனக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பிறகு அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் குழம்புச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன்.