வெளியே வெடிப்பில்லாத சுவர்

மகளைப் பெண் பார்க்க வருபவர்கள் மதிக்கட்டும் என்று, வில்பட்டியிலுள்ள எங்கள் பழைய மண் வீட்டின் வெளிச்சுவருக்கு சிமெண்டு பூசினேன்.

"துரை பங்களா தோத்துச்சு, போங்க!" என்று சிரித்தாள் என் மனைவி.

ஐப்பசி அடைமழையில் உள்பக்கம் கசிந்தது. "சுவரு வேர்க்குதுங்க, என்னன்னு பாருங்க" என்றாள். வெளியே போய்ப் பார்த்தேன். ஒரு வெடிப்பும் இல்லை.

"நல்லாத்தான் கெடக்கு. வெரசா அடுப்பைப் பத்த வை" என்றேன்.

அவள் அடுப்படியில் குனிந்திருந்தபோது சுவர் சரிந்தது. உயிரில்லாமல்தான் எடுத்தோம். கூரையோரமாகச் சுவருக்குள் இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல், பூச்சுக்குப் பின்னால் மண் கூழாகியிருந்தது.

நான் கூச்சக்காரன். ஆனாலும் இப்போது மண் வீட்டு வாசலில் சிமெண்டு மூட்டையைக் கண்டால், முன்பின் தெரியாதவர்களானாலும் கூப்பிட்டு, அவள் போன விதத்தைச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.