சீல் அறுந்த டிரம்

டிரம் மூடியின் சீல் அறுந்து கிடந்தது. டிப் ஸ்டிக், அதாவது அளவுக் குச்சியை, விட்டுப் பார்த்தேன். எரிபொருள் ஒரு கேன் அளவுக்குக் குறைந்திருந்தது.

எழுபதுகளின் கடைசியில், கோட்டுச்சேரிக்கு வெளியே ஒரு களத்துமேட்டில் எங்கள் ஹெலிகாப்டர் இறங்கி ஏறும். சம்பாப் பயிரில் புகையான் பூச்சி; வயல்கள் திட்டுத்திட்டாகக் கருகிக்கொண்டிருந்தன. மருந்து தெளிக்கும் கம்பெனியில் எரிபொருள் நிரப்புவது என் வேலை. முந்தின நாள்தான் குளத்து மீன் மருந்தால் செத்தது என்று சிலர் வந்து சண்டை போட்டிருந்தார்கள்.

பைலட் பட்டாளத்தில் இருந்தவர். கேப்டன் என்போம். அவர் முகம் கறுத்துவிட்டது.

"தண்ணி கலந்திருந்தா மேல போனதும் என்ஜின் நின்னுடும். எவன் வேலை இது?"

காவலாளி அருளானந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதா சத்தியமாங்க, ஒரு ஆளு வரலீங்க."

எனக்கு வேறு பயம். போன வருஷம் வந்த பெரிய ஹெலிகாப்டர் மண்ணெண்ணெய் ரக எரிபொருளில் ஓடியது. மிச்சத்தைச் சிலர் அடுப்புக்கு வாங்கிப் போயிருந்தார்கள். இந்தச் சின்ன மெஷினுக்குப் பெட்ரோல். அது தெரியாமல் யாராவது ஸ்டவ்வில் ஊற்றினால்?

"போலீசுக்குச் சொல்லலாம்," என்றார் கேப்டன்.

"வேணாம் சார். எடுத்தவங்க பயந்து கேனை ஒளிச்சிடுவாங்க."

"நீ ஏன் பரிஞ்சு பேசுற? உனக்கும் பங்கு இருக்கா?"

டிரம்மிலிருந்து சாம்பிள் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்கு ஓடினேன். மண்ணெண்ணெய்க்கு நீள வரிசை நின்றது. விஷயத்தைச் சொன்னேன். கேஸ் போட மாட்டோம், திருப்பித் தந்தால் போதும் என்றேன்.

"திருடனைப் புடிக்கக் கதை வுடுறாருப்பா," என்றார் ஒருவர். "போன வருஷம் எரிஞ்சது இந்த வருஷம் வெடிக்குமா?"

கடையைவிட்டு எட்டத்தில், வெட்டவெளியில் இரண்டு டப்பா மூடிகளை வைத்தேன். ஒன்றில் மண்ணெண்ணெய். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன்; முங்கி அணைந்தது. மற்றதில் பாட்டிலில் இருந்ததை ஊற்றி, அடுத்த குச்சியை நீட்டினேன். குச்சி மூடியைத் தொடுமுன்பே குப்பென்று பிடித்தது. என் கைமுடி பொசுங்கியது.

வரிசையில் நின்ற ஒரு பெண் காலிக் கேனைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஒரு ஓட்டு வீட்டுக்குள் அவள் அலறுவது கேட்டது.

"ஸ்டெல்லா! பத்த வைக்காதடி!"

உள்ளே அவள் மகள் பம்ப் ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தாள். கையில் தீப்பெட்டி. ஸ்டவ் நிறைய எங்கள் பெட்ரோல். தீப்பெட்டியைப் பிடுங்கி வெளியே வீசினேன்.

"வாட வேற மாதிரி இருக்கேன்னு கேட்டேங்க," என்றாள் தாய், மூச்சு வாங்க. "அது ஏரோப்ளேன் எண்ணெ, அப்படித்தான் இருக்கும்னு சொன்னாரு."

சொன்னவர் அருளானந்து. அவள் புருஷன்.

விஷயம் கேட்டு கேப்டன் அருளானந்தையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்த ஸ்டவ்வை முகர்ந்து பார்த்தார். பிறகு அருளானந்திடம் கேட்டார். "டிரம்முல தண்ணி ஊத்துனியா?"

"இல்லீங்க."

கேப்டன் நம்பவில்லை. அந்த டிரம்மை ஒதுக்கச் சொல்லி, புது டிரம்மைத் திறந்துதான் பறந்தார். ஆனால் நான் கொடுத்த வாக்கை மதித்து போலீசுக்குப் போகவில்லை. அருளானந்தைக் காவலிலிருந்து மாற்றி, மருந்து தெளிக்க வேண்டிய இடத்தை மேலே பறப்பவருக்குக் காட்ட, வயலில் கொடி பிடிக்க அனுப்பினார்.

எரிபொருள் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டிரம் குறைந்தால் யார் எடுத்தது என்பதைப் பிறகு விசாரியுங்கள். எடுத்தது இப்போது எந்த வீட்டு அடுப்பில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.