பதினாறு தாத்தாவும் பதினெட்டுத் தாத்தாவும்

என் கடைசிப் பையன் லண்டனுக்குப் படிக்கப் போகிறான். நேற்று பாங்கிலிருந்து வந்தவன், புத்தம்புதுப் பவுன் நோட்டு ஒன்றை என் கையில் வைத்தான். "இது ஒண்ணு இருபத்தோரு ரூபாய்ம்மா! ரூபாய் மதிப்பைக் குறைக்கறதுக்கு முன்னாடி வாங்கியிருந்தா பதிமூணு சொச்சம்தான்" என்று அலுத்துக்கொண்டான். நான் நோட்டை மூக்கருகே கொண்டுபோனேன். புத்தகமோ புடவையோ பிறந்த குழந்தையோ, எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். புது மை வாசனை. என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த வாசனை அல்லவா இது! சிரித்துவிட்டேன். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது.

உங்களுக்காவது சொல்கிறேன். அந்த நாளில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க, மை ஈரம் காயாத நோட்டீசுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அப்பா காலேஜில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு ரூபாய்க்குச் சீமைக் காசில் பதினாறு பென்ஸா, பதினெட்டு பென்ஸா என்று படித்தவர்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற சமயம். சர்க்கார் பதினெட்டு என்றது. அப்பா பதினாறு. அப்படியானால் இருநூற்று நாற்பது பென்ஸ் கொண்ட ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய் வரும், சீமைக்கு மணிலாக்கொட்டை அனுப்புகிற நம் குடியானவன் கையில் நாலு காசு கூடுதலாக நிற்கும் என்பது அவர் வாதம். ரசம் சாதத்தோடு அதையும் சேர்த்துப் பிசைந்துதான் எங்களுக்குப் போட்டார்.

எனக்கு நிச்சயமாகியிருந்த பிள்ளையின் அப்பாவோ, மவுண்ட் ரோடில் சீமைச் சைக்கிளும் கிராமபோனும் வரவழைத்து விற்பவர். பதினெட்டு பென்ஸ் என்றால் பவுன் மலிவு, சைக்கிளும் மலிவு. ஆகவே அவர் பதினெட்டு. ஜாதகத்தில் இந்தப் பொருத்தத்தை யாரும் பார்க்கவில்லை.

அப்பாவின் கூட்டம் மாடவீதிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. சம்பந்தி ஆகப்போகிறவர் என்ற மரியாதையில் அவருக்கு முன்வரிசை நாற்காலி. மூங்கில் தட்டிக்குப் பின்னால் அம்மாவும் நானும் என் வருங்கால மாமியாரும். அவர்கள் இருவரும் கூறைப்புடவைக்குக் கரை அரக்கா பச்சையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டியின் இடுக்கு வழியாகப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பேச்சின் உச்சத்தில் அப்பா மேஜையைத் தட்டினார். "பதினெட்டு கேக்கறவா எல்லாரும் வெள்ளைக்காரன் சரக்கை விக்கறவா!"

முன்வரிசை நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஓய், நீர் காலேஜுக்கு ஏறிண்டு போறதே என் கடைச் சைக்கிள்தான்!"

"நாளையிலேர்ந்து நடந்தே போறேன்!"

"நன்னா நடந்து போம்! பொண்ணையும் உம்மாத்துலயே வெச்சுக்கும்!"

சபை கைதட்டியது. எந்தக் கட்சிக்கு என்று தெரியவில்லை. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்றுவரை பென்ஸைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அதற்குள் அதை அப்படி வெறுத்தேன்.

மறுநாள் அப்பா வீம்பாக நடந்தே போய்வந்தார். மாலையில் வாசலில் சைக்கிள் மணி. பிள்ளைதான்! "மாமா, இந்தப் பென்ஸ் விவகாரம் எனக்குப் புரியலை. கொஞ்சம் சொல்லித் தரணும்." பாடம் கேட்க வந்தவரைத் திருப்பி அனுப்ப அப்பாவுக்கு மனம் வருமா? தினமும் வந்தார். எங்கள் வீட்டில் பதினாறைக் கேட்டு, வீட்டுக்குப் போய்ப் பதினெட்டைக் கேட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து என் மாமியார் ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு தாமே வந்து இறங்கினார். "பென்ஸ் ஏறட்டும், எறங்கட்டும். பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. தாலி கட்டற வரைக்கும் ரெண்டு பேரும் அந்த எண்ணை வாயால சொல்லப்படாது. எங்காத்துக்காரரை சம்மதிக்க வெச்சுட்டேன். நீங்க உங்காத்துக்காரர்ட்ட சொல்லுங்கோ" என்று அம்மாவிடம் ஆணையிட்டார். அப்பா நோட்டீசுக் கட்டின் மேல் உட்கார்ந்தபடி தலையாட்டினார்.

கல்யாணத்தில் இருவரும் அப்படித்தான் இருந்தார்கள், சாஸ்திரிகள் வாயைத் திறக்கும் வரை. "அந்தப் பதினெட்டு முழத்தைக் கொண்டாங்கோ" என்று கூறைப்புடவையைக் கேட்டார் அவர். மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டேளா? நான் சொல்லலை, வேதம் படிச்சவர் சொல்றார்!"

அப்பா சாஸ்திரிகள் பக்கம் திரும்பினார். "தாலி கட்டினதும் வாழ்த்துவேளே, எத்தனை பேறுன்னு வாழ்த்துவேள்? பதினாறா, பதினெட்டா?" என்றார்.

பந்தலே குலுங்கிச் சிரித்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைக் கட்டிக்கொண்டார். நாகஸ்வரக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

பிற்பாடு, புதிதாக மனை போட்டுக்கொண்டிருந்த மாம்பலத்தில் குடித்தனம் வைத்த பிறகு, என் கணவரிடம் கேட்டேன்: "கடைசியில நீங்க எந்தக் கட்சி?"

"எனக்கென்ன தெரியும்? ஜன்னல்ல நீ வரயான்னு பாத்துண்டிருந்தேன்."

சர்க்கார் பதினெட்டையே சட்டமாக்கியது. சம்பந்திகள் அதற்காகச் சண்டையை விட்டுவிடவில்லை. சில வருஷம் கழித்து, பவுனுக்கே தங்கத்தோடு இருந்த கட்டு விட்டுப்போன செய்தி வந்த அன்று மட்டும் இருவரும் ஒரே கட்சியாகி லண்டனைத் திட்டினார்கள். என் குழந்தைகளுக்கு ஒருவர் பதினாறு தாத்தா, மற்றவர் பதினெட்டுத் தாத்தா. சொந்தப் பெயர்கள் வெகுநாள் தெரியாது. மாலையானால் இருவரும் சாந்தோம் கடற்கரையில், கட்டுமரங்களுக்கு நடுவே நின்று, காற்றுக்கு மேல் குரலை உயர்த்திக் கத்துவார்கள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். "சண்டை முடிஞ்சுதா, நைனா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இருட்டிய பிறகு யாரையாவது அனுப்பித்தான் இருவரையும் சாப்பிடக் கூட்டிவர வேண்டியிருக்கும்.

இன்று மாம்பலத்தில் மனை போட வயல்கூட மிச்சமில்லை. கடை கைமாறிவிட்டது, மண்டபம் துணிக்கடையாகிவிட்டது. இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் நாங்கள் நேரத்தோடு சாப்பிட்டுவிடுகிறோம். கடற்கரைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.