நண்டுக்கு அக்கா பேர்

ஹெலன் மேடம் போனில் சொன்னதை முதலில் கேட்டபோது, யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மேடம் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். போன மழைக்காலம் முழுக்க எங்கள் ஊர் வயல்களில் நண்டு தேடி அலைந்தார். அப்போது என் ஆட்டோவில்தான் வருவார், போவார்.

“செங்கல்வராயன், நாம பிடிச்ச நண்டு புது இனம்ங்க. இதுவரைக்கும் யாரும் பேர் வெக்காத இனம். உங்க அக்கா பேரையே வெச்சிருக்கேன். நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நண்டுக்குப் பேர் நண்டு. எங்கள் தாத்தாவும் நண்டு என்றுதான் சொல்லிச் சாப்பிட்டார். அதற்கு இன்னொரு பேர் எதற்கு? சரி, வைக்கட்டும். ஊரில் வேறு ஆளா இல்லை, எங்கள் அக்காதான் கிடைத்தாளா?

திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் வண்டி போட்டிருந்த சீனு எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுவிட்டான். “இன்னா மச்சான், இனிமே நண்டுக் கொழம்பு வெக்கணும்னா ஒங்க அக்காகிட்ட பர்மிசன் வாங்கணுமா?” என்றான். அவன் வாயில் மண் விழ!

அக்கா பேர் வேண்டா. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், இத்தோடு போதும் சாமி என்று கடைசிப் பெண்ணுக்கு இப்படிப் பேர் வைப்பார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். எங்கள் வீட்டில் மூன்றாவது அவள். அவளுக்கு அடுத்துப் பிறந்தவன் நான். எனக்கு முருகன் பேராகப் பார்த்து வைத்து, மொட்டை போட்டு, ஊருக்கே சாப்பாடு போட்டார்களாம். “அவளுக்கு அந்தப் பேரு வெச்சதாலதான்டா நீ வந்தே” என்று எங்கள் அம்மா சாகிறவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அங்கேயேதான் நின்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது “வேண்டா” என்பார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தறுதலை “வேணும் சார்” என்று கத்தும். தினமும் இதே கூத்து. எட்டாவதோடு அக்கா நின்றுவிட்டாள். கல்யாணத்தின்போது, பத்திரிகையில் விஜயா என்று போடாவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாள். போட்டார்கள். அன்றிலிருந்து புருஷன் வீட்டில் அவள் விஜயாதான். எங்கள் மாமா ‘விஜி’ என்று கூப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆதாரில் மட்டும் பழைய பேர் ஒட்டிக்கொண்டு நின்றது. மாற்றப் போனபோது அந்தச் சர்டிபிகேட் எங்கே, இந்தச் சர்டிபிகேட் எங்கே என்று அலைக்கழித்தார்கள். சீ போ என்று விட்டுவிட்டாள்.

அந்த ஆதார்தான் இப்போது வினையாகிவிட்டது. வரப்பு வளைக்குள் கையை விட ஒரு ஆள் வேண்டும் என்று மேடம் கேட்டார். நான்தான் அக்காவைச் சேர்த்துவிட்டேன். சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கிற ஊரில் இது எல்லோரும் செய்கிற வேலைதான். பிடித்த நண்டுகளைக் கொடுக்கப் போனபோது கல்லூரி கேட்டில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். வாயால் விஜயாக்கா என்று கூப்பிட்டாலும், ஆதாரில் இருப்பதுதான் நிஜப் பேர் என்று மேடம் அதையே எடுத்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

“விஜயான்னு இல்லியா?”

“இல்லக்கா. வேண்டான்னுதான்.”

“பாவி, அந்தப் பேர எப்படா தொலைப்போம்னு நான் கீறேன். நீ அத ஊரு ஒலகத்துக்கே இட்டுகினு போவ வழி பண்ணிட்டியே! எடுடா ஆட்டோவ.”

கல்லூரியில் அந்த அறை முழுக்க ஸ்பிரிட் நாற்றம். கண்ணாடி ஜாடிகளில் பாம்பு, பூரான், என்னென்னவோ மிதந்தன. நான் எடுத்த எடுப்பில் கத்திவிட்டேன். “மேடம், இன்னா வேல பண்ணி வெச்சிகீறீங்க? அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியுமா?”

அர்த்தத்தைச் சொன்னதும் மேடத்தின் முகம் சுருங்கிப்போனது. “ஐயோ, சத்தியமா தெரியாது விஜயாக்கா. ஏதோ ஊர் அம்மன் பேருன்னு நெனச்சேன்.”

பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். உலகத்தில் எந்த உயிருக்கும் இரண்டு சொல்லில் ஒரு பேர். முதல் சொல் குடும்பப் பேர் மாதிரி, பல இனங்களுக்குப் பொது. இரண்டாவதுதான் அந்த இனத்துக்கே உரியது. அப்படியென்றால் முதலில் இருப்பது நம் இனிஷியல் மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். அதுவரைக்கும் புரிந்தது. அதற்குமேல் லத்தீன் என்றார், விதி என்றார். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

“கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகல. இன்னைக்கே மாத்திடலாம். அச்சாயிட்டா நானே நெனச்சாலும் மாத்த முடியாது” என்றார் மேடம்.

“தப்புன்னு தெரிஞ்சா கூடவா?” என்றேன்.

“தெரிஞ்சா கூட. பெரு நாட்டுல வளராத ஒரு செடிக்கு பெருன்னு பேரு வெச்சிட்டாங்க. நூத்துக்கணக்கான வருஷமா அதேதான் பேரு.”

“அடப் போங்க மேடம், இதுக்கு ஆதார் ஆபீஸே தேவல!”

“விஜயான்னே போட்டுடறேன், சரியா?” என்று மேடம் அக்காவைப் பார்த்துக் கேட்டார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அக்கா மேசையில் தனியாக இருந்த ஒரு ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்குத்தான் பேரா டீச்சர்?”

“ஆமாக்கா. பேர் வெக்கும்போது ஒண்ண எடுத்து, இதுதான் இந்த இனத்துக்கு அடையாளம்னு எப்பவும் பத்திரமா வெச்சிருப்போம்.”

“வயிறு குறுகலா கீது. ஆம்பள ஆச்சே இது. பொட்டையும்தான புடிச்சிக் குடுத்தேன்?”

“நண்டுல பெரும்பாலும் ஆணத்தான் எடுப்போம்க்கா. அதோட வயித்துக்கு அடியில இருக்கிற உறுப்பப் பாத்தாத்தான் இனம் பிரிக்க முடியும். ஆனா பேரு ரெண்டுக்கும் சேர்த்துத்தான்.”

“அப்போ இந்த ஆம்பள நண்டு பேரும் வேண்டாவா?”

“மாத்திடறேன்னு சொன்னேனேக்கா…”

“எவ்ளோ நாளு இருக்கும் இந்தப் பேரு?”

“நம்ம எல்லார் காலத்துக்கு அப்புறமும் இருக்கும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

“மாத்தாதீங்க டீச்சர். அதே இருக்கட்டும்.”

“அக்கா, உனுக்கு இன்னா பைத்தியமா?” என்றேன்.

“சும்மா இர்றா. பொட்ட நண்டு தாங்கிக்கும், அதுக்குப் பழக்கம்தான். இத்தினி நாளு நான் சொமந்தேன். இனிமே ஒரு ஆம்பள சொமந்து பாக்கட்டும்.” ஜாடியை மெதுவாக மேசையில் வைத்தாள். “என்னெ மட்டும் விஜயான்னே கூப்புடுங்க, இன்னா?”

மேடம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது வண்டி ஓடியதே தவிர என் மனசு வண்டியில் இல்லை. இவளுக்குக் கோபம் போய்விட்டதா, இப்போதுதான் வந்திருக்கிறதா? அவள் சொன்ன ஆம்பளையில் நானும் சேர்த்தியா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஊர் எல்லை வந்ததும் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அக்கா, நான் இன்னா அந்தப் பேர வெக்கச் சொல்லியா பொறந்தேன்?”

“அந்த நண்டு மட்டும் சொல்லுச்சா?” என்றாள் அக்கா. “ரோட்டப் பாத்து ஓட்டு.”