குண்டி என்றால் பள்ளம்

கன்னடத்தில் பள்ளத்தைக் குண்டி என்பார்கள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூர்ப் பொம்மனஹள்ளியில் என் மகள் ஒன்றாம் வகுப்பு படித்த அரசுப் பள்ளியில், தண்ணீர்த் தொட்டி கட்ட விளையாட்டு மைதானத்தில் ஆளுயரப் பள்ளம் தோண்டினார்கள். தலைமை ஆசிரியை காலையில் பிள்ளைகளை நிறுத்தி, "குண்டி ஹத்ர ஹோகபேடி" என்று எச்சரித்தாராம். பள்ளத்துப் பக்கம் போகாதீர்கள் என்கிறார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கன்னடம் இன்னும் பிடிபடவில்லை. விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"அம்மா, எங்க மிஸ் கெட்ட வார்த்தை பேசினாங்க" என்றாள் மகள் சாயங்காலம். எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் நல்ல மழை. பள்ளத்தைச் சுற்றிக் கட்டியிருந்தது வெறும் ரிப்பன், அதுவும் அறுந்து சேற்றில் கிடந்தது. மிஸ் மைதானத்தைக் காட்டிச் சொன்ன குண்டி எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க என் மகள் தோழிகளோடு போயிருக்கிறாள். ஓரத்து மண் சரிந்து உள்ளே விழுந்துவிட்டாள். மதியச் சாப்பாடு சமைக்கிற அம்மாதான் ஓடிவந்து, குப்புறப் படுத்துக் கையை நீட்டி இழுத்துப் போட்டாராம். நான் போனபோது இடுப்புவரை சேறோடு உதடு நடுங்க நின்றாள்.

அடுத்த நாள் நான் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். தொட்டி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் ஓசூர்ப் பக்கத்து ஆள்.

"போர்டு வெச்சிருக்கோமேக்கா. புள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"படிக்கத் தெரியாமத்தானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்?"

தலைமை ஆசிரியை வந்தார். குண்டி என்றால் எங்கள் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்று அவரிடம் பச்சையாகவே சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. இனிமேல் தமிழிலும் சொல்லச் சொல்கிறேன் என்றார். சொன்னால் போதாது, சுற்றி அடைக்க வேண்டும் என்றேன்.

"தகரத் தகட்டுக்குச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிம்மா" என்றார்.

இந்த ஊருக்கு வந்த நாளாக இந்தக் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'வையே கேட்கிறேன். பஸ்ஸில் அட்ஜஸ்ட், வாடகை வீட்டில் அட்ஜஸ்ட், தண்ணீர் வராவிட்டால் அதற்கும் அட்ஜஸ்ட்.

"எல்லாத்துக்கும் பண்ணிட்டேன் மேடம். எம்பொண்ணு உசுருக்குப் பண்ண மாட்டேன்."

கேட்டுக்கு வெளியே கான்கிரீட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் போய் கேட்டுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். பிள்ளையை விட வந்த ஒருத்தி, எங்கள் சந்தில் பூக்கட்டி விற்பவள், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள்.

"எழுந்திருங்கக்கா, கலவை இறுகிடும்" என்று சூப்பர்வைசர் கெஞ்சினார்.

"இறுகட்டும் தம்பி. மொதல்ல தகடு வரட்டும், அப்புறம் லாரி வரட்டும்."

தகடு வராமலா போகும்? மதியத்துக்குள் வந்தது, லாரிக்கு வழிவிட்டு எழுந்தோம். பள்ளத்தைச் சுற்றி அடைத்தார்கள். ஆனால் ஒரு பக்கம் ஆள் நுழைகிற அளவுக்கு விட்டுவிட்டார்கள். வேலையாட்கள் போய்வர வழி வேண்டுமாம், கதவு பிறகு வருமாம். ஓர் ஆள் நுழைகிற இடத்தில் ஒன்றாம் வகுப்பே நுழைந்துவிடும். நான் போய் அந்த இடைவெளியில் நின்றுகொண்டேன். வேலையாட்கள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பள்ளி விடும்வரை கதவு வரவில்லை.

"நாளைக்கும் வந்து நிப்பீங்களாக்கா?" என்றார் சூப்பர்வைசர் அலுப்போடு.

"நாளைக்கு எம்பொண்ணு பள்ளிக்கூடம் வருவா இல்ல? அப்ப நானும் வருவேன்."

மறுநாள் மணி அடிக்கும் முன்பே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு மாட்டியிருந்தது. "பாத்துக்குங்க" என்று சூப்பர்வைசர் பூட்டைக் காட்டினார். கிட்டே போய் அதை இழுத்துப் பார்த்த பிறகுதான் மகளின் கையை விட்டேன்.