இறாலின் ஈரச் சட்டை

பெரம்பலூர் வட்டாரத்தில் கடல் இறால் வளர்த்த முதல் ஆள் நான்தான். நம்பாதவர்கள் குரும்பலூரில் விசாரித்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. இன்று டவுனில் மூன்று டயர் கடை வைத்திருக்கிறேன். எல்லாம் மாமா போட்ட பிச்சை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. லாரி டிரைவர். கடலோரத்து ஊரான மண்டபத்துக்கு சிமெண்ட் லோடு போனவர், நான் கோடை லீவுக்கு அவர் வீட்டிலிருந்தபோது ஒரு தடவை கேன் கேனாகக் கடல் தண்ணீரும் அதில் ஒற்றை இறாலும் கொண்டுவந்தார். வலையில் சிக்கியதை மீன்காரர் ஒருவர் சும்மா கொடுத்தாராம். சுண்டுவிரல் நீளம்தான். உடம்பெல்லாம் கோயில் மதில் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. மீசை மட்டும் உடம்பைவிட நீளம்.

அதைக் கல் அடுக்கிய கண்ணாடித் தொட்டியில் விட்டார். காற்றடித்த லாரி டியூபில் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்டார். குழாயிலிருக்கும் சின்ன உருளையைத் தளர்த்தினால் குமிழி குமிழியாகக் காற்று வரும். காலையும் மாலையும் டியூபுக்குக் காற்றடிப்பது என் வேலை.

அத்தைக்குத்தான் தாங்கவில்லை. "கொழம்பு வச்சா ஆளுக்கு ஒரு மீச தேறாது. இதுக்கு இவ்ளோ சீரா?"

"லீவு முடியிற வரைக்கும் இத உசுரோட வச்சிருந்தீன்னா, ஒன்ன லாரியில கடலுக்கு இட்டுக்கிட்டுப் போறேன் மாப்ள" என்றார் மாமா. நான் கடலைப் பார்த்ததில்லை. என்னை நம்பி அதுவரை யாரும் ஓர் ஆட்டைக்கூட ஒப்படைத்ததில்லை.

ஒருநாள் காலை இறால் அசையாமல் கிடந்தது. அழுதேன். மாமா எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெங்காயச் சருகு மாதிரி வெறும் தோல்.

"சட்டையக் கழட்டிப் போட்டிருக்குடா. பாம்பு உரிக்கல? ஆளு கல்லு சந்துல ஒளிஞ்சிருக்கு பாரு. புதுத் தோலு கெட்டியாகாம வெளிய வராது."

இருந்தது. இரண்டு நாள் கழித்து வெளியே வந்த வேகத்தில் கல்லில் மாட்டி ஒரு மீசையை ஒடித்துக்கொண்டது.

பிறகு சித்திரை வெயில். தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை இறங்கியது. கண்ணாடியில் மாமா பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே போகாமல் ஊற்றச் சொல்லியிருந்தார். கடல் என்றால் உப்பு, அவ்வளவுதானே? கிணற்றுத் தண்ணீரில் கை நிறையக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். மாமா லோடு போயிருந்த பத்து நாளும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அவர் திரும்பிய அன்று இறால் மல்லாந்து கிடந்தது. எனக்குப் பயமே இல்லை.

"மாமா, திரும்பவும் சட்ட கழட்டிருச்சு!" என்று நானே எடுத்து நீட்டினேன்.

மாமா தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பக்கத்திலிருந்த உப்புச் சட்டியைப் பார்த்தார்.

"இந்தத் தடவ கனக்குதே மாமா?"

"ஈரச் சட்ட கனக்காதாடா?"

சரிதானே என்று பட்டது.

அத்தை வாயைத் திறந்தாள். மாமா ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டாள்.

"வெயிலுக்குத் தண்ணிதான்டா ஆவியாப் போவுது, உப்பு அங்கயேதான் கெடக்கும். இனிமே நல்ல தண்ணியா ஊத்து. நாலு நாளைக்குக் கல்லுப் பக்கம் எட்டிப் பாக்காத, அது வெக்கப்படும்" என்றவர், தொட்டித் தண்ணீரைப் பாதி மாற்றிவிட்டு, குளிக்கக்கூடச் செய்யாமல் மறுபடி லாரி ஏறினார்.

நாலாம் நாள் வந்தார். மறுநாள் காலை கல் சந்திலிருந்து இறால் நடந்து வந்தது. இரண்டு பக்கமும் முழு மீசை!

"மீச மொளச்சிருச்சு!" என்று தெரு முழுக்கச் சொன்னேன். என் வளர்ப்பு அப்படி.

சொன்னபடி மாமா என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். கரையில் அந்த மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதே மாதிரி இன்னொரு எறாலுக்காக அன்னைக்கி என்னைய மூணு வாட்டி கடலுக்குள்ள எறக்குனியேப்பா, அது இந்தப் புள்ளைக்கா?"

"மாப்ள, அங்க பாரு, கப்பலு!" என்று மாமா என் தலையைத் திருப்பிவிட்டார்.

பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். கப்பல் எதையும் காணோம். மாமாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.