பதினேழாம் நம்பர் பில்லை

பாக்கியவதி அக்காவை நான் முதலில் பார்த்தது கோரமண்டல் ஸ்டேஷன் வாசலில், இன்னும் வெளிச்சம் வராத ஒரு திங்கட்கிழமை. பெங்களூரு ரயில் சாம்பியன் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது என்று பக்கத்தில் ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். என் சைக்கிளின் செயின் கழன்று பின் சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் சைக்கிள் அது. பூதிகோட்டையிலிருந்து பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பங்காருப்பேட்டையில் ஏறினால் பெங்களூரு வரை நின்றுகொண்டே போக வேண்டும் என்று, உட்கார இடம் கிடைப்பதற்காகவே ரயில் கிளம்பும் இடத்துக்குப் பக்கமாக இங்கே வந்து அறை எடுத்திருந்தேன்.

குனிந்து இழுத்துக்கொண்டிருந்த என் கையை ஒரு பெண் தட்டிவிட்டார். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. இரண்டே விரலால் செயினை முன் பல்சக்கரத்தில் மாட்டி, பெடலைப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். செயின் உட்கார்ந்துவிட்டது. பையிலிருந்து ஒரு கந்தல் துணியை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"செயின் நீண்டு போயிருக்குது தம்பி. இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் ஓடும். ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு நந்திதுர்க் லைனுக்கு எடுத்துனு வாங்க."

சைக்கிள் கடை வைத்திருப்பவர் என்று நினைத்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்தபோதுதான் அட்டையைப் படித்தேன். பெங்களூருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வண்டி வேலை அவருக்குத் தொழில் இல்லை. யாரிடமும் கூலி வாங்குவதும் இல்லை.

இந்த வேலை அவருக்கு எப்படி வந்தது என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். இங்கிருந்து ரயிலில் போய் வருகிற எல்லாருக்கும் இருக்கும் தொல்லைதான் காரணம் என்றார். காலையில் அவர் கிளம்பும்போது மெக்கானிக் கடை திறந்திருக்காது. இரவு திரும்பும்போது மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக்கும் லீவு. ஸ்டேஷனுக்குப் போகிற சைக்கிள் கெட்டுப்போனால் தானே பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதல் தடவை பெடல் அச்சைப் பிரித்தபோது பேரிங் குண்டுகள் வீடெல்லாம் ஓட, அவரும் கணவர் துரையும் கட்டிலுக்கடியில் படுத்துப் பொறுக்கியிருக்கிறார்கள். ஒன்று குறைந்தது. அந்த ஒரு குண்டைத் தேடி அலமாரியையே நகர்த்தியபோதுதான், இந்த வேலை தனக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததாம். பிறகு அக்கம்பக்கத்துச் சைக்கிள்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால், பல வருடம் மழையில் நின்ற மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் துரை அண்ணனுடையதாகிவிட்டது. அவருக்கு வண்டியென்றால் ஏறி உட்காரத்தான் தெரியும்.

நந்திதுர்க் லைன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு ஷெட். உள்ளே சுவரில் ஒரு பெரிய பலகை, அதில் நாற்பது ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் அடித்த ஒரு பித்தளைப் பில்லை. இங்கே தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், கேஜ் என்ற லிஃப்ட் கூண்டில் கீழே இறங்கும் ஆட்களுக்குக் கொடுத்த பில்லைகள் அவை. ஆண்டர்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் மட்கார்டு தேடப் போனபோது ஒரு டப்பா நிறையக் கிடைத்ததாகச் சொன்னார். வண்டியில் ஒரு சாமானைக் கழற்றினால், ஆணியிலிருந்து ஒரு பில்லையை எடுத்து அந்தச் சாமானோடு தட்டில் வைப்பார். எந்த நம்பர் எதற்கு என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார். சாமான் வண்டிக்குத் திரும்பினால் பில்லை ஆணிக்குத் திரும்பும். நாற்பது ஆணியும் நிறைந்தால்தான் வண்டி வெளியே போகலாம். ஒரு வண்டியை முடித்த பிறகுதான் அடுத்ததைப் பிரிப்பார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்த காலம் அது. பில்லைகளுக்குப் பதில் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதுமே என்று யோசனை சொன்னேன். அக்கா என் கையில் ஒரு சக்கரத்தைக் கொடுத்து, "படிச்சிருக்கீங்க இல்ல, இத்த ஆடாம புடிங்க" என்றார்.

இனி சொல்லப்போவது போன ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது.

இதே ஊரின் பாலகாட் பகுதியிலிருந்து சிரில் அங்கிள் தன் பழைய எஜ்டி மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அறுபத்தாறு வயது. சுரங்கம் மூடும்வரை இருபத்து மூன்று வருடம் கீழே வேலை பார்த்தவர். அன்று அவரும் மனைவி ரெஜினா ஆன்ட்டியும் அந்த வண்டியிலேயே பேரணாம்பட்டுக்கு மகள் வீட்டு விசேஷத்துக்குப் போவதாக ஏற்பாடு. பேத்தமங்கலம், வி.கோட்டை தாண்டி, அதற்கப்புறம் மலை இறக்கம். காலையிலேயே இருவரும் புதுத்துணியோடு ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். பின் பிரேக் வேலை கொஞ்சம் பாக்கி இருந்தது. என் சைக்கிளும் அன்று அங்கே செயின் மட்டும் கழன்று நின்றிருந்தது. நான் வாசலில், எஜ்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. ஏதோ ஒரு ரிசல்ட் ஒத்துவரவில்லை என்று, பழைய நோட்டைப் பார்க்க உள்ளே போனார். பதினைந்து நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தபோது எஜ்டி புகைவிட்டு நின்றிருந்தது. ரெஜினா ஆன்ட்டி பின்னால் ஏறி முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஆய்த்தும்மா, எல்லாம் முடிஞ்சுது. நேரமாவுது" என்று சிரில் அங்கிள் கையசைத்தார். அக்காவும் கையசைத்தார். வண்டி போய்விட்டது.

அரைமணி நேரம் கழித்து, துரை அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா கை கழுவிக்கொண்டு பலகையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதினேழாம் ஆணி காலியாக இருந்தது. சுவரில் பதினேழுக்கு எதிரே, பின் பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டையின் நட் என்று எழுதியிருந்தது.

தட்டில் பில்லை இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் டப்பாவின் அடியில் அந்த நட் கிடந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார். அந்த நட் இல்லாவிட்டாலும் போல்ட் தன் துளையில் உட்கார்ந்திருக்கும், ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பிடிக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து வெளியே வரும். போல்ட் விழுந்தால் பட்டை சுழன்று கம்பிகளில் மாட்டும். சக்கரம் அப்படியே நின்றுவிடும். மலைப்பாதையில், பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது.

நான் படித்த இயற்பியலும் அதையேதான் சொன்னது.

சிரில் அங்கிள் போனை ரெஜினா ஆன்ட்டியின் பையில் போட்டுவிடுவார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும்படி துரை அண்ணனிடம் சொல்லிவிட்டு அக்கா வாசலுக்கு ஓடினார். அங்கேதான் இன்னொன்று புரிந்தது. ஷெட்டில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் இருந்தன, ஒன்றுகூட ஓடுகிற நிலையில் இல்லை. அக்காவின் சைக்கிள், என் சைக்கிள் என்று மிச்சமிருந்தவற்றை வைத்து வி.கோட்டை போக முடியாது. எதிர்வீட்டு மஞ்சுநாத்திடம் ஸ்கூட்டர் கேட்டோம். சாவியைக் கொடுத்துக்கொண்டே அவர் சிரித்தார்.

"ஏன் அக்கா, உங்க வீட்ல ஒரு ஷோரூமே இருக்கு, என்கிட்ட வந்து கேக்குறீங்க?"

அக்கா சாவியை வாங்கி ஸ்கூட்டரைக் கிளப்பினார். நான் பின்னால் உட்கார, அவர்தான் ஓட்டினார். பேத்தமங்கலம் ஏரிக்கரை வந்தது. காற்றில் திரும்பாமலே அக்கா சொன்னார்.

"எண்ணாம விட்டது நான்தான் தம்பி. அவுங்களுக்கு எதுனா ஆச்சுன்னா இந்த ஷெட்டுக்கு இன்னையோட பூட்டுதான். ரத்தம் பாக்குற வேலை போதும் எனக்கு."

வழியில் எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன். வி.கோட்டையில் ஒரு டீக்கடைக்காரரிடம் அக்கா தெலுங்கில் விசாரித்தார். பழைய சிவப்பு வண்டி, பட்டுச்சேலை கட்டிய அம்மா. ஆமாம், டீ குடித்துவிட்டுப் பேரணாம்பட்டுப் பக்கம் போனார்கள், பத்து நிமிடம்தான் ஆகிறது என்றார். மலை இறக்கம் தொடங்க அந்தப் பத்து நிமிடம் போதும். அக்கா மறுபடி ஆக்ஸிலேட்டரைத் திருகியபோது மஞ்சுநாத்தின் ஸ்கூட்டர் அலறியது.

இறக்கம் தொடங்குகிற இடத்துக்கு முன்னால், ஒரு புளியமரத்தடியில், சிவப்பு எஜ்டி நின்றிருந்தது.

ரெஜினா ஆன்ட்டி சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். முழு ஜெபமாலையும் முடிக்காமல் கீழே இறங்கமாட்டேன் என்று வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சிரில் அங்கிள் எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டு, பேசாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்தார். அக்கா நேராக வண்டியின் பின் சக்கரத்திடம் போய்த் தரையில் மண்டியிட்டார்.

போல்ட் இருந்தது. போல்ட்டின் முனையில் பளபளவென்று புது நட் ஒன்று இருந்தது. அக்கா அதை விரலால் தொட்டார், திருகிப் பார்த்தார், பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அசையவில்லை. பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

"இந்த நட்டை யாரு போட்டது அங்கிள்?"

"நான்தாம்மா. பழசு மரை வழுக்கினு இருந்துச்சு. பாக்கெட்ல புதுசு ஒண்ணு வச்சினு இருந்தேன், போட்டுட்டேன். நீ போன்ல இருந்த, எதுக்குத் தொந்தரவுன்னு."

"பதினேழாம் நம்பர் பில்லை?"

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே பித்தளை ஒலித்தது.

"அத்த ஏன் எடுத்துனு வந்தீங்க?"

சிரில் அங்கிளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா கேக்கற? போறவன் பில்லையை எடுத்துனுதானே போவணும்? கேஜ்ல இறங்கும்போது பாக்கெட்ல இருக்கணும், மேல வந்து சேந்தப்புறம் குடுக்கணும். நாளைக்கு ஊரு திரும்பி வந்து ஆணியில மாட்டுவேன் நான்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். நடுவில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவருடைய ஷெட்டில் ஆணி காலியாக இருந்தால் வண்டியில் ஒரு சாமான் குறைகிறது என்று பொருள். சிரில் அங்கிளுக்கோ ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் வேலையில் இருக்கிறான், திரும்பி வருவான் என்று பொருள். இருபத்து மூன்று வருடம் கை செய்த வேலையை அன்றும் கை தானாகச் செய்திருக்கிறது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. பில்லையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஜெபமாலையை முடித்துக்கொண்டு வந்த ரெஜினா ஆன்ட்டிதான் அவரைச் சும்மா விடவில்லை.

"வீட்டுச் சாவியை எங்க வச்சேன்னு ஒருநாளாவது ஞாபகம் இருந்திருக்குதா இவருக்கு? பில்லை மட்டும் மறக்காது."

அக்கா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. எண்ணிப் பார்க்காமல் கையசைத்து அனுப்பியது தன் தவறு என்று இருவரிடமும் சொன்னார். பிறகு ஸ்பேனரை எடுத்து அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும், முன் சக்கரத்திலிருந்து தொடங்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதற்கு அரைமணி ஆனது. இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரிலேயே போகச் சொன்னார். வண்டி வளைவில் மறைந்த பிறகும் நாங்கள் கிளம்பவில்லை. அதே கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி கழித்துப் போன் வந்தது. "இறங்கிட்டோம்மா. பிரியாணி வாசனை வருது" என்றார் சிரில் அங்கிள்.

திரும்பும்போது வி.கோட்டையில் அதே டீக்கடையில் நிறுத்தினோம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது. அக்கா தட்டில் இருந்த பஜ்ஜியெல்லாம் தீர்ந்ததும் இன்னொரு தட்டு சொன்னார். துரை அண்ணனுக்குப் போன் செய்து, ஒன்றும் ஆகவில்லை, சோற்றை மூடி வை என்றார். ஷெட்டைப் பூட்டுவதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மஞ்சுநாத்தின் ஸ்கூட்டரில் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எந்த வண்டி வெளியே போனாலும் உரிமையாளரையே பலகை முன் நிறுத்தி ஒன்று முதல் நாற்பது வரை சத்தமாக எண்ணச் சொல்கிறார். என் சைக்கிளுக்கும் எண்ணினேன். பட்டதாரி என்பதால் சலுகை ஏதும் இல்லை.

பாக்கியவதி அக்காவுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. நந்திதுர்க் லைனில் அதே வீட்டில் இருக்கிறார். திங்கள் முதல் சனி வரை காலை ரயிலில் பெங்களூரு போய் இரவு திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஷெட்டைத் திறக்கிறார். பேத்தமங்கலத்துப் பால்காரர் ஒருவரின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் போன மாதத்திலிருந்து அங்கே பிரிந்து கிடக்கிறது.